துருப்பிடித்த செவர்லே ஸ்பார்க்: இன்னும் வைத்திருக்கலாமா, விட்டுவிடலாமா?

கேள்வி கேட்டவர் கன்னியாகுமரி மாவட்டத்துக் கொல்லங்கோட்டுக்காரர். வீட்டிலிருந்து கடல் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. கையில் இருப்பது 2011 மார்ச்சில் எல்லைக்கு அப்பால், கேரளத்தின் நெய்யாற்றின்கரையில் பதிவான செவர்லே ஸ்பார்க். நான்கு வருடங்களுக்கு முன் மைத்துனரிடமிருந்து வாங்கியது, நம்பர் இன்றும் கே.எல். 20 தான். ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடியும் இன்ஜினில் குறையில்லை. ஆனால் ஓட்டுநர் கதவுக்குக் கீழே தகடு இற்று, விரல் நுழைகிறது. அதைச் சரிசெய்ய டிங்கர் (தகடு வேலைக்காரர்) 38,000 ரூபாய் கேட்கிறார். வியாபாரி ஒருவர் வண்டியையே 40,000-க்கு எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். ஒரு மெக்கானிக் ‘இந்த இன்ஜினை விட்டுவிடாதீர்கள்’ என்கிறார். இன்னொருவர் ‘கம்பெனியே ஓடிவிட்டது, இதைக் கட்டிக்கொண்டு ஏன் அழுகிறீர்கள்’ என்கிறார். மாதம் இருமுறை அம்மாவைத் திருவனந்தபுரம் மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும். 2026 மார்ச்சில் ஆர்.சி. (பதிவுச் சான்று) முடிகிறது. என்ன செய்வது?

தம்பி, பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த 38,000 ரூபாயை டிங்கர் வேலைக்குக் கொடுக்காதீர்கள். மார்ச்சுக்கு முன் காரை விட்டுவிடுங்கள். ஆனால் உங்கள் இரண்டாவது மெக்கானிக் சொல்லும் காரணத்துக்காக அல்ல. நான் இருபத்தாறு வருடங்கள் இன்சூரன்ஸ் சர்வேயராக நாகர்கோவிலுக்கும் பாறசாலைக்கும் நடுவே விபத்து வண்டிகளை மதிப்பிட்டவன். மற்றவர்கள் காரை மேலிருந்து பார்ப்பார்கள், எனக்கு அதன் அடிப்பக்கம்தான் அதிகப் பழக்கம். அங்கிருந்து பார்த்தால் கேள்வி வேறு மாதிரி தெரிகிறது.

கம்பெனி போன கதையைச் சுருக்கமாக முடித்துவிடலாம். ஜெனரல் மோட்டார்ஸ் 2017 மே மாதத்தில் அறிவித்து, அந்த ஆண்டு முடிவோடு இந்தியாவில் செவர்லே விற்பனையை நிறுத்தியது. குஜராத்தின் ஹலோல் ஆலை அதே ஆண்டு மூடப்பட்டது. மகாராஷ்டிரத்தின் தலேகாவ் ஆலை ஏற்றுமதிக்காக 2020 டிசம்பர் வரை ஓடியது. அமெரிக்காவில் செவர்லே இன்றும் நன்றாகத்தான் விற்கிறது. நம் ஊரில்தான் அது காலமான பிராண்ட். இப்படிக் கடையைக் கட்டியவர்கள் நம்மிடம் நிறையப் பேர்: டேவூ, ஓப்பல், ஃபியட், டாட்சன். அவர்கள் விற்ற கார்கள் எல்லாம் மறுநாளே நின்றுவிடவில்லை. ஃபியட் புன்டோ வைத்திருப்பவருக்குப் பெரிய கவலை இல்லை, ஏனென்றால் அதன் 1.3 லிட்டர் டீசல் இன்ஜின் குடும்பம்தான் ஸ்விஃப்டிலும் இண்டிகா விஸ்டாவிலும் ஓடியது. செவர்லேயின் டவேராவுக்கு அடியில் லாரியைப் போலத் தனிச் சேசிஸ் உண்டு. பாடி இற்றாலும் சேசிஸ் தாங்கும் என்பதால் டாக்சிக்காரர்கள் அதை விடவே மாட்டேன் என்கிறார்கள்.

உங்கள் ஸ்பார்க்கின் வம்சமும் அப்படியொன்றும் அநாதை அல்ல. அது பிறப்பால் டேவூவின் கார், மாட்டிஸின் அடுத்த தலைமுறை. வெளிநாடுகளில் வேறு பெயர்களிலும் விற்றதால் உதிரி பாகம் செய்பவர்கள் பலர் இருக்கிறார்கள். பிரேக் பேட், கிளட்ச், ஃபில்டர், டைமிங் பெல்ட் போலத் தேய்ந்து தீர்கிற பொருள்கள் இன்னும் கிடைக்கின்றன, விலையும் பயப்படும்படி இல்லை. கிடைக்காதது என்பது வேறு பட்டியல்: கதவுக் கண்ணாடி, ஹெட்லைட், கதவைச் சுற்றி ஓடும் ரப்பர் பீடிங், மீட்டர் போர்டு, ஸ்டீயரிங் ரேக், முன் மட்கார்டு. தேய்மானத்தால் போகாமல் விபத்தாலோ வெயிலாலோ போகிற சாமான்கள் இவை. இவற்றுக்கு உடைத்து விற்கிற கடைகளைத்தான் நம்ப வேண்டும். சென்னை புதுப்பேட்டையில் தேடினால் ஒருவேளை அகப்படும், பார்சலில் வரும். வருவது எந்த நிலையில் இருக்கும் என்பது பெட்டியைப் பிரிக்கும்போதுதான் தெரியும். ஒரு கதவுக் கண்ணாடிக்காக ஏழு வாரம் பிளாஸ்டிக் தாள் ஒட்டிக்கொண்டு ஓடிய செவர்லே ஒன்றை எனக்குத் தெரியும், அதுவும் ஆடி மாதச் சாரலில். ஆக, பிராண்ட் போனதால் வருகிற நஷ்டம் பணத்தைவிட நாள் கணக்கில்தான் அதிகம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் அம்மா விஷயத்தில் திரும்ப வருகிறேன்.

இப்போது துரு. இரும்பும் ஈரமும் காற்றும் சேர்ந்தால் துரு எங்கும்தான் வரும். நம் கடலோரத்தில் அது ஓடி வருகிறது. துருப்பிடிப்பது மின்வேதி வினை, உப்பு கரைந்த ஈரத்தில் மின்னோட்டம் சுலபமாகப் பாயும், அவ்வளவுதான் விஷயம். அதோடு உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும், அதனால் உப்புப் படிந்த தகடு வெயில் நாளிலும் முழுதாகக் காய்வதில்லை. தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெருமழை. நமக்கோ ஜூனில் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் உண்டு, அக்டோபரில் துலா மழை என்கிற வடகிழக்குப் பருவமழையும் உண்டு. போதாததற்குக் கோடை மழை. காருக்குக் காய்வதற்குக் கிடைக்கிற காலம் தையும் மாசியும்தான். மதுரையில் பதினைந்து வருடம் நின்ற காரும் தேங்காய்ப்பட்டணத்தில் பதினைந்து வருடம் நின்ற காரும் ஒரே வயதுடையவை அல்ல.

கார் என்ன சுமந்தது என்பதும் முக்கியம். சர்வே செய்யப் போகும்போது டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி டயரைத் தூக்குவேன். அந்தக் குழி சல்லடை போல இருந்தால் கேட்கவே வேண்டாம், அந்த வண்டி மீன் ஏற்றியது. ஐஸ் உருகி உப்புநீராகக் குழியில் தங்கி, கீழ்நோக்கி அரித்திருக்கும். மலையோரம் குலசேகரம், அருமனைப் பக்கம் போனால் கதை வேறு. ரப்பர் பால் உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலக் கேனை டிக்கியில் வைத்துக்கொண்டு போவார்கள். ஒருமுறை மூடி சரியாக இறுகவில்லை என்றால் போதும், கம்பளத்துக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்குத் தகடு தின்னப்பட்டிருக்கும். மேலே கம்பளம் பத்திரமாக இருக்கும். உங்கள் மைத்துனர் இந்தக் காரில் எதை ஏற்றினார் என்று ஒரு வார்த்தை கேட்டுப்பாருங்கள். கோபித்துக்கொண்டால் மீன் என்று எடுத்துக்கொள்ளலாம்.

டிங்கரின் மதிப்பீட்டையோ என் பேச்சையோ நம்ப வேண்டாம், நீங்களே பார்க்கலாம். வெயில் நாளாக ஒரு காலை. சாக்கு ஒன்று, டார்ச் ஒன்று, தடித்த ஸ்க்ரூ டிரைவர் ஒன்று. காரை ஜாக்கியில் ஏற்றி அடியில் புகுந்துவிடாதீர்கள், இற்ற காருக்கு அதைவிட ஆபத்து இல்லை. வாட்டர் சர்வீஸ் செய்யும் இடத்தில் லிஃப்டில் ஏற்றச் சொல்லிக் கழுவக் கொடுங்கள், அரைமணி நேரம் கேட்டால் மறுக்க மாட்டார்கள். கதவுக்குக் கீழே முன்சக்கரம் தொடங்கிப் பின்சக்கரம் வரை பெட்டி போல ஒரு தகடு ஓடுகிறது, ஒர்க்ஷாப்பில் ரன்னிங் போர்டு என்பார்கள். ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் அதை ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு ‘டங்’ என்று பதில் சொல்லும். இற்றது ‘தப்’ என்று ஈரத் துணியைத் தட்டியது போலக் கேட்கும். சத்தம் மாறிய இடத்தில் முனையை வைத்து, உங்கள் உடல் எடையைப் போடாமல், கை பலத்தால் மட்டும் அழுத்துங்கள். பள்ளம் விழுந்தால் இன்னும் கொஞ்ச காலம் இருக்கிறது. உள்ளே போய்விட்டால் அந்த இடத்தில் கார் இல்லை, பெயின்ட்தான் இருக்கிறது.

அதே முனையோடு இன்னும் சில இடங்களுக்குப் போங்கள். ஜாக்கி வைக்கும் இடம் நான்கும். பின் அச்சு பாடியோடு போல்ட்டில் இணையும் இடம் இரண்டும். பானெட்டைத் திறந்தால் முன் ஷாக் அப்சார்பரின் தலை வந்து உட்காரும் வட்டத் தகடு இரண்டு தெரியும், அவற்றின் ஓரம். சீட் பெல்ட்டின் கீழ் நுனி தரையில் பிணைந்திருக்கும் இடம். பிறகு அடியில் ஓடும் பிரேக் குழாய்கள், பெட்ரோல் குழாய்கள். குழாயைக் குத்தக் கூடாது, துணியால் துடைத்து விரலால் தடவினால் போதும். சொரசொரப்பு செதில் செதிலாகக் கையோடு வந்தால் குழாயின் சுவர் மெலிந்துவிட்டது.

கதவின் கீழ் விளிம்பு, டிக்கி மூடி, பானெட் ஓரம், சைலன்சர் எல்லாம் துருப்பிடிக்கட்டும். பார்ப்பவர்களுக்கு அசிங்கமாக இருக்கும், ஆளைக் கொல்லாது. மட்கார்டு போல்ட்டில் நிற்கிற சாமான், கழற்றி மாட்டலாம். ஆனால் ரன்னிங் போர்டும் தரைத் தகடும் அப்படியல்ல. ஸ்பார்க் போன்ற காருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது, பாடிதான் சேசிஸ். பக்கவாட்டில் ஒரு வண்டி வந்து இடித்தால் உள்ளே இருப்பவரின் இடுப்புக்கும் அந்த வண்டியின் பம்பருக்கும் நடுவே நிற்பது அந்தப் பெட்டித் தகடுதான். கதவுகள் சரியாக மூடுகின்றனவா என்பதையும் கவனியுங்கள். ஜாக்கியை ஏற்றும்போது மூடிய கதவைத் திறக்க முடியாமல் இறுகினால் பாடி வளைகிறது என்று அர்த்தம். அங்கே மெக்கானிக்கிடம் கேட்க எதுவும் மிச்சமில்லை.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கு என் சொந்த முட்டாள்தனம்தான் ஆதாரம். 2000-இல் ஒரு மாட்டிஸ் வாங்கினேன். மூன்று சிலிண்டர், 796 சி.சி., ஓட்டுவதற்கு அவ்வளவு இனிமையான சின்னக் கார் அன்று வேறு இல்லை. டேவூ இந்தியாவில் மூழ்கியபோது நண்பர்கள் எல்லாரும் விற்கச் சொன்னார்கள். உதிரி பாகம் கிடைக்காது என்று பயமுறுத்தினார்கள். எனக்கு எல்லாம் கிடைத்தது. பத்து வருடம் கிடைத்துக்கொண்டே இருந்தது. அந்த வெற்றிதான் என் கண்ணை மறைத்தது. உதிரி பாகம் கிடைக்கிற வரை கார் ஓடும் என்று ஒரு நம்பிக்கை. ஊரார் கார்களின் அடியில் படுத்துத் துருவை எழுதி வைத்தவன், என் காரின் அடியில் ஒருநாளும் படுத்ததில்லை.

2013 நவம்பரில் ஒருநாள் சாயங்காலம், தக்கலையிலிருந்து மார்த்தாண்டம் வருகிறோம், நல்ல மழை. அழகியமண்டபம் தாண்டி ஓர் இறக்கத்தில் முன்னால் போன பஸ் நின்றது. பிரேக்கை மிதித்தேன், மிதி பாதிக்கு மேல் கீழே இறங்கியது, கார் மெதுவாகத்தான் கேட்டது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, இடப்பக்கம் மண்ணில் இறக்கி, பஸ்ஸின் பின்பக்கத்துக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்தினேன். பின்சக்கரத்துக்குப் போகும் பிரேக் குழாய் துருப்பிடித்து வெடித்திருந்தது. பிரேக் இரண்டு தனிச் சுற்றுகளாக இருப்பதால்தான் பாதியாவது பிடித்தது. என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. குடையை விரித்துக்கொண்டு இறங்கி, பின்னால் வந்த பஸ்ஸுக்குக் கை காட்டினாள். பதின்மூன்று வருடம் அந்தக் காரில் வந்தவள் அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் குழாய் மாற்றக் கொடுத்தபோது ஒர்க்ஷாப் பையன் ஜாக்கி வைத்தான். ஜாக்கி ஏறியது, கார் ஏறவில்லை. ஜாக்கியின் தலை ரன்னிங் போர்டுக்குள் புகுந்து உள்ளே போய்க்கொண்டிருந்தது. அந்த இடத்தில் முந்தைய வருடம்தான் ஒரு டிங்கரிடம் கொடுத்து ‘புதுத் தகடு’ போட்டிருந்தேன். உரித்துப் பார்த்தால் உள்ளே செய்தித்தாள் சுருட்டி வைத்து, மேலே ஃபைபர் துணி ஒட்டி, விரல் கனத்துக்குப் பட்டி பூசி, பெயின்ட் அடித்திருந்தார். செய்தித்தாளின் தேதியைக்கூடப் படிக்க முடிந்தது. சர்வேயரின் காருக்கே இந்தப் பூச்சு என்றால் மற்றவர்களுக்கு என்ன பூசுவார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே உங்கள் டிங்கர் கேட்கும் 38,000 அதிகமா குறைவா என்பதைவிட, அதற்கு அவர் என்ன செய்யப்போகிறார் என்று கேளுங்கள். இற்ற தகட்டை நல்ல தகடு தென்படும் வரை வெட்டி எறிந்து, அதே கனத்தில் புதுத் தகடு வளைத்து, மிக் வெல்டிங் வைத்து, பெட்டியின் உட்பக்கத்துக்கு மெழுகுப் பூச்சு தெளிப்பவர் நம் பக்கம் ஒருசிலரே இருக்கிறார்கள். அவர்கள் இந்தத் தொகைக்குச் செய்ய மாட்டார்கள். பழைய துருவின் மேல் புதுத் தகட்டை ஒட்டி வெல்டிங் வைத்தால் அது கட்டுக் கட்டுவது போலத்தான், புண் உள்ளே வளரும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும். இரண்டு தகடுகளுக்கு நடுவே புகுந்துவிட்டால் ஆப்பு இறங்கியது போல வெல்டிங்கையே பிரித்துவிடும். துருவின் மேல் தார் போன்ற கறுப்புப் பூச்சு அடிப்பதும் இதே ரகம், ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுகிற வேலை.

பணக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லாரும் சொல்லும் சூத்திரம், பழுதுச் செலவு காரின் விலையைத் தாண்டினால் காரை விட்டுவிடு என்பது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று கேலியும் செய்வார்கள். இன்சூரன்ஸில் நாங்களும் அப்படித்தான் பார்ப்போம்: பழுதுச் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பு என்று எழுதுவோம். அது இழப்பீடு கொடுக்கிறவனின் கணக்கு. கார் வைத்திருப்பவனுக்கு அது பொருந்தாது. உதாரணத்துக்கு, 38,000 செலவழித்து இன்னும் இரண்டு வருடம் ஓடினால் மாதம் 1,600 ரூபாய்க்குக் கீழே. நாலு லட்சம் கொடுத்து இன்னொரு பழைய கார் வாங்கினால் அதன் விலை சரிவே வருடத்துக்கு நாற்பது, ஐம்பதாயிரம் ஆகலாம், மாதம் நாலாயிரத்துக்குப் பக்கம். வட்டியும் இன்சூரன்ஸும் வேறு. இந்தத் தராசில் வைத்தால் பழைய காரே எப்போதும் ஜெயிக்கும், இருபது வயதிலும் ஜெயிக்கும். அதனால்தான் நம் ஆட்கள் பலர் பணத்தை மட்டும் பார்த்து, தகடு கையோடு வரும் வரை ஓட்டுகிறார்கள். நானும் அப்படித்தான் ஓட்டினேன். இன்ஜின், கிளட்ச், ரேடியேட்டர் விஷயத்தில் இந்தக் கணக்கு சரி, தாராளமாகச் செலவு செய்து ஓட்டலாம். பாடி இற்ற பிறகு இந்தக் கணக்கைப் போடவே கூடாது.

உங்கள் விஷயத்தில் அம்மா இருக்கிறார். சந்தைக்கும் தோட்டத்துக்கும் போகிற கார் என்றால் ஒரு கண்ணாடிக்காக ஏழு வாரம் நிற்கலாம். மருத்துவரிடம் நேரம் வாங்கிவிட்டு, விடியற்காலை பாலராமபுரம் நெரிசலைத் தாண்டிப் போகிற கார் நிற்கக் கூடாது. கம்பெனி போனதும் துருவும் உங்களுக்கு இந்த இடத்தில்தான் கைகோத்துக்கொள்கின்றன.

அடுத்தது காகிதம். எல்லையோரத்தில் வாழ்கிற நமக்கு இது தனித் தலைவலி. தனியார் காரின் பதிவு 15 வருடம். அதன்பின் வண்டியைக் காட்டி, தகுதி பார்த்து, ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். டெல்லியில் பதினைந்து வருடப் பெட்ரோல் கார்களுக்குத் தடை என்பதைக் கேட்டுவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று சிலர் வண்டியை அவசரமாக விற்கிறார்கள். அந்த உத்தரவு டெல்லி வட்டாரத்துக்கு வந்தது, கன்னியாகுமரி மாவட்டத்துக்கு அல்ல. ஆனால் புதுப்பிப்பது இன்று மலிவில்லை. 2022 ஏப்ரலில் மத்திய அரசு கட்டணத்தை 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கியது. 2025 ஆகஸ்டில் இருபது வயது தாண்டிய கார்களுக்கு 10,000 என்று அறிவித்தது. கேரளம் தன் பங்குக்கு 2025 பட்ஜெட்டில், 15 வருடம் கடந்த தனியார் வண்டிகளின் வரியை 50 சதவீதம் ஏற்றியது. உங்கள் கார் கே.எல். நம்பர் என்பதால் அது உங்கள் தலையில்தான் விழும். இங்கே தமிழ்நாட்டின் டி.என். 75-க்கு மாற்றிக்கொள்ளலாம் என்றால் அங்கிருந்து தடையில்லாச் சான்று, இங்கே வரி, அதன்மேல் பசுமை வரி. வேறு மாநில வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். நான்கு வருடமாக நீங்கள் செய்யவில்லை, நம் பக்கம் பாதிப் பேர் செய்வதில்லை. ஆயினும் இற்ற காருக்கு இந்தப் படியெல்லாம் ஏறி இறங்குவது செத்த மாட்டுக்கு லாடம் அடிப்பது.

பதிவு முடிந்த பிறகும் ‘மெல்ல ஓட்டிக்கொள்ளலாம்’ என்ற எண்ணம் வேண்டவே வேண்டாம். தற்காலிகப் பதிவு காலாவதியான ஒரு கார் திருடுபோன வழக்கில், இன்சூரன்ஸ் பணத்தை மறுத்தது சரி என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பிரீமியம் கட்டிய ரசீதைக் காட்டிப் பயனில்லை.

காரை விடுவதற்கு மூன்று வழி. வியாபாரிக்கு 40,000-க்குக் கொடுப்பது முதல் வழி. கையில் பணம் வரும், ஆனால் அவர் பட்டி பூசி இன்னொரு அம்மாவின் மகனுக்கு விற்பார், அதை உங்கள் மனசாட்சி பார்த்துக்கொள்ளட்டும். அதைவிடப் பெரிய ஆபத்து, பெயர் மாற்றாமல் கொடுப்பது. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து நடந்தால் பொறுப்பும் அவருடையதே என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. இப்போதைக்கு அந்தப் பெயர் உங்களுடையதா, மைத்துனருடையதா என்று முதலில் ஆர்.சி.யைப் பாருங்கள். இரண்டாவது வழி, ஸ்பார்க் வைத்திருக்கும் இன்னொருவருக்கோ அவருடைய மெக்கானிக்குக்கோ உதிரிக்காகக் கொடுப்பது. மேலே நான் சொன்ன கண்ணாடி, ஹெட்லைட், மீட்டர் போர்டு எல்லாம் உங்கள் காரில் நல்ல நிலையில் இருக்கின்றன அல்லவா, அவற்றுக்குத் தவம் கிடப்பவர்கள் இருக்கிறார்கள். இதைச் செய்தால் பதிவை ரத்து செய்ய ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும், சட்டப்படி 14 நாளுக்குள். மூன்றாவது, அரசு அங்கீகரித்த வாகன அழிப்பு மையம். 2021-இல் வந்த கொள்கைப்படி அங்கே வண்டியை ஒப்படைத்தால் சான்றிதழ் தருவார்கள். அதைக் காட்டிப் புதுக் காரின் வரியில் 25 சதவீதம் வரை சலுகை தர மாநிலங்களுக்கு வழி உண்டு. புதுக் காரே வாங்குவது என்றால்தான் இதற்கு மதிப்பு. எந்த வழியானாலும் முதலில் வண்டியின் பேரில் நிலுவை அபராதம் இருக்கிறதா என்று அரசின் பரிவாகன் இணையதளத்தில் பாருங்கள். 2023-இல் கேரளம் சாலையெங்கும் 726 கேமராக்கள் வைத்தது. மாதம் இருமுறை எல்லை தாண்டுகிற உங்களுக்கு, சீட் பெல்ட் போடாத ஏதோவொரு நாளின் படம் அங்கே காத்திருக்கலாம்.

அதுவரை இந்தக் காரில் எதற்குச் செலவு செய்யலாம்? பிரேக் குழாய் தேய்ந்திருந்தால் இன்றே மாற்றுங்கள், விற்கப்போகிற கார் என்று பார்க்காதீர்கள். டயர் வழுக்கையாக இருந்தால் நல்ல பழைய டயர் இரண்டு. அவ்வளவுதான். டைமிங் பெல்ட்டுக்கான கிலோமீட்டர் நெருங்கியிருந்தாலும் அதைத் தொட வேண்டாம், மாறாக ஓட்டத்தைக் குறைத்து, திருவனந்தபுரத்துக்கு இரண்டு மூன்று முறை வாடகைக் கார் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த காரைத் தேடும்போது நேரம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. புதுக் கார் விலை இறங்கினால் பழைய கார் கேட்பவரும் இறங்கித்தான் ஆக வேண்டும், பேரம் பேசுங்கள். பழையதே என்றால் கொளச்சலிலும் விழிஞ்ஞத்திலும் தேடாதீர்கள். மதுரை, திண்டுக்கல், கோவைப் பக்கம் வறண்ட ஊரில் நின்ற கார், கிலோமீட்டர் கூட ஓடியிருந்தாலும் பரவாயில்லை. 2021 நவம்பரில் நம் மாவட்டத்தில் வந்த வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் நெல்லை, தூத்துக்குடி வெள்ளத்திலும் மூழ்கிய கார்கள் இன்னும் சந்தையில் சுற்றுகின்றன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்துப் பாருங்கள். கழுவ மறந்த சேற்றுக் கோடு அதன் கடைசிச் சாணில் இருக்கும். ஸ்டெப்னியைத் தூக்குங்கள், சீட்டுக்கு அடியில் இருக்கும் தண்டவாளத்தைத் தடவுங்கள்.

வாங்கி வந்ததும் கதவுகளின் அடி விளிம்பிலும் ரன்னிங் போர்டின் அடியிலும் உள்ள நீர் வடியும் துளைகளைத் தேடி, ஈர்க்குச்சியால் மண்ணைக் குத்தி எடுத்துவிடுங்கள். மழைக்கால முடிவில் ஒருமுறை நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தைப் பீய்ச்சிக் கழுவச் சொல்லுங்கள், கிணற்று நீர் உப்பாக இருந்தால் அது வேண்டாம். ஈரக் காருக்கு மேல் கவர் போட்டு மூடாதீர்கள். உங்கள் வீட்டு முற்றத்தில் மேற்குச் சுவரை ஒட்டி நிறுத்த இடம் இருந்தால் அங்கே நிறுத்துங்கள், கடற்காற்று முதலில் சுவரில் மோதட்டும்.